நடமாட்ட உதவிச் சாதனம்

எலுமிச்சம்பழம் நசுங்கியது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே நசுங்கியது என்பதில்தான் வழக்கு.

சிவநேசனைக் கேட்டால் மாரியம்மன் கோயில் வாசலில் என்பான். நகராண்மைக் கழகத்தின் அமலாக்கப் பிரிவைக் கேட்டால் பொதுச் சாலையில் என்பார்கள். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே முன்பு ஒரு சாக்கடை இருந்தது. ஒரு தேர்தலுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் அதை மூடி, மேலே தார் போட்டு, கோயிலுக்குச் செய்த தொண்டு என்று நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் கோயில் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்பது அம்மனுக்கே தெரியாது. அமலாக்கப் பிரிவுக்குத் தெரிந்திருந்தது.

விதியை மீறுகிற ஆள் இல்லை சிவநேசன். அந்தப் பட்டணத்தில் மின்ஸ்கூட்டரைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது; ஓட்டினால் பறிமுதல். தனியார் நிலத்தில் ஓட்டலாம். அவன் குடியிருந்த செம்பனைத் தோட்டம் தனியார் நிலம். இதையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் வாங்கினான். கடையிலிருந்து உருட்டக்கூட இல்லை. பக்கத்து வீட்டு முருகையாவின் லோரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். லோரி நேராகத் தோட்டத்துக்குள் போயிருந்தால் கதையே இல்லை. ஆனால் புது வண்டியைப் பூசை போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தப் பக்கத்தில் யாரும் நினைத்தும் பார்க்காத காரியம். ஆகவே லோரி கோயில் முன்னால் நின்றது.

வண்டியை இறக்கி, மாலை போட்டு, சந்தனம் வைத்தார்கள். மூன்று சக்கரமும் ஓர் இருக்கையும் உள்ள சாதாரண வண்டி. அவன் மனைவி தேவகி ஊன்றுகோல்களை அவனிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். குருக்கள் முன்சக்கரத்தின் கீழ் பழத்தை வைத்து, மெதுவாக என்று கை காட்டினார். தேவகி கைப்பிடியைத் திருகினாள். பழம் நசுங்கியது. வண்டி ஒரு முழம் போய் நின்றது.

தொழிற்சாலைப் பேருந்து கவிழ்ந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு, யார் கையையும் பிடிக்காமல் அவள் நகர்ந்த முதல் ஒரு முழம் அது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை சிவநேசன் சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் அமலாக்கப் பிரிவின் வாகனம் வந்து நின்றது.

இறங்கியவர் புவனேசன், துணை அதிகாரி. காலணியைக் கழற்றினார். கும்பிட்டார். விபூதி இட்டுக்கொண்டார். சர்க்கரைப் பொங்கல் வாங்கி நின்றபடியே தின்று முடித்தார், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். குழாயில் கை கழுவி, காலணி மாட்டி, தொப்பியை வைத்துக்கொண்டு சம்மன் எழுதத் தொடங்கினார். வண்டி மாலையோடு பறிமுதல் ஆனது. நசுங்கிய பழம் ஆதாரமாக ஒரு நெகிழிப் பையில் போனது.

வண்டி இல்லாவிட்டால் தேவகிக்கு வேலை இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

தோட்டத்தின் செம்பனை நாற்றுப்பண்ணையில் கன்றுகளைப் பார்த்துப் பதியும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். வேலையாட்களை மேற்பார்க்கும் பண்ணை மண்டோர் பரஞ்சோதி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வரிசை வரிசையாகச் சுற்றி வரத் தன் சொந்த ஏற்பாடு இருக்க வேண்டும். நாளெல்லாம் தண்ணீர் பாய்கிற மண்ணில் ஊன்றுகோல் பாதிக்குமேல் இறங்கிவிடும். செயற்கைக் கால் புண்ணாக்கிவிட்டதால் கொஞ்ச காலம் மாட்டாதே என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறது என்று பரஞ்சோதி அன்பாகவே சொன்னார்.

மறுநாள் சிவநேசன் அமலாக்கப் பிரிவுக்குப் போனான். கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கான ஓட்டை இடுப்புயரத்தில் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் குனிந்துதான் பேச வேண்டும். குனிந்தான்.

விதியில் விலக்கு இருப்பதை அவன் படித்திருந்தான். நடக்க முடியாதவர்களின் நடமாட்ட உதவிச் சாதனம் வாகனம் ஆகாது. அதைச் சாலையோரத்திலும் பயன்படுத்தலாம். அதைச் சொன்னான்.

"தம்பி, இது வாகனம். சாதனம் இல்ல," என்றார் புவனேசன்.

"அவளால நடக்க முடியாதுண்ணே."

"துவான்," என்று மலாய் மரியாதைச் சொல்லைச் சொல்லித் திருத்தினார் புவனேசன்.

"நடக்க முடியாது, துவான். அவளுக்கு இது கால் மாதிரி."

புவனேசன் பேனாவை மூடினார். கடினமான பாடத்தை மெதுவாக விளக்குகிற ஆசிரியரின் முகம் அவருக்கு வந்தது.

"காலுன்னா ஏன் பூசை போட்டீங்க? ஊன்றுகோல் வாங்கினப்ப பூசை போட்டீங்களா? அதுக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சீங்களா? இல்ல. கோயில் ரசீதுல என்ன இருக்கு? வாகன பூசை. நாங்க சொல்லல லா. அம்மன் சன்னிதியில நீங்களே சொல்லியிருக்கீங்க, இது வாகனம்னு."

சிவநேசன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். ஆயுத பூசையன்று தையல் இயந்திரத்துக்கும் கத்திரிக்கோலுக்கும்கூடப் பூசை போடுகிறோமே என்றான்.

புவனேசன் பேனாவைத் திறந்தார். "அப்ப இத ஆயுதம்னு சொல்றீங்க."

இல்லை என்று சிவநேசன் அவசரமாகச் சொன்னான். ஆயுதம் என்றால் கோப்பு போலீசுக்குப் போகும், அங்கே விசாரணை வேறு மாதிரி இருக்கும், நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் புவனேசன். சிவநேசன் நிதானமாக யோசித்தான். வாகனம் என்றே இருக்கட்டும் என்றான். புவனேசன் அதை எழுதி, கீழே அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது.

அன்று மாலை குருக்களிடம் போய், நடந்தது வாகன பூசை இல்லை, பொதுவான பூசை என்று ஒரு கடிதம் கேட்டான். குருக்கள் சங்கடப்பட்டார். வாகனத்துக்குரிய மந்திரத்தைத்தான் சொன்னேன், சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டார். சாமி காரியத்தில் ரசீதை மாற்றினால் கோயில் நிர்வாகம் சும்மா இருக்குமா என்றும் கேட்டார். அவர் பயமும் நியாயமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை அமலாக்கப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. வண்டியைக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, தேவகியிடமும் அப்படியே சொல்லிவிட்டு ஓடினான். விஷயம் வேறு. ஆதாரமாக வைத்திருந்த எலுமிச்சம்பழம் அலுவலகக் குளிர்பதனப் பெட்டியில் இருந்ததாம். புதிதாக வந்த எழுத்தர் அதை பால் சேர்க்காத தே-ஓ தேநீரில் பிழிந்து குடித்துவிட்டாராம். ஆதாரம் இல்லாமல் வழக்கு நிற்காது.

சிவநேசனுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் வழக்கு முடிந்ததா என்று கேட்டான்.

வழக்கு முடிவது உங்களுக்குத்தான் நஷ்டம் என்றார் புவனேசன். வழக்கு இல்லையென்றால் விசாரணை இல்லை. விசாரணை இல்லையென்றால் விலக்குக் கேட்க இடமில்லை. விலக்கு இல்லாத வண்டி கிடங்கிலேயே கிடக்கும். ஆகவே அதே வண்டியால் வேறொரு பழத்தை நசுக்கி ஆதாரத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள், உரிமையாளர் தரப்பில் ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். பழம் சிவநேசனின் பொறுப்பு. போய் வாங்கி வந்தான்.

கிடங்கு முற்றத்தில் இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். புவனேசன் பழத்தைக் குனிந்து வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சூடத்தை எடுத்துக் கொளுத்தி, வண்டிக்கு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"வெறுமனே ஏத்தக் கூடாது," என்றார் தணிந்த குரலில். "நமக்கும் குடும்பம் இருக்கு."

பழம் நசுங்கியது. இந்த வண்டிக்கு வாகன பூசை இரண்டாவது முறையும் நடந்திருக்கிறது என்று கோப்பில் ஏறியது.

விசாரணை வெள்ளிக்கிழமை. விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும். மூன்று முறை பெயர் கூப்பிட்டும் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. முருகையாவின் லோரியின் முன்னிருக்கையில் தேவகி வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். விசாரணை அறை கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. மின்தூக்கி பழுது பார்க்கப்படுகிறது என்று கதவில் ஒட்டியிருந்த தாள் வெயிலில் வெளுத்திருந்தது.

மாடிப்படிக்குக் கீழே புவனேசன் காத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. விதியை முன்கூட்டியே சொல்லிவிடுவது தன் கடமை என்று நினைப்பவர். விண்ணப்பதாரர் படியேறி வந்தால் நடக்கிற ஆற்றல் உண்டு என்பது நிரூபணமாகிவிடும். பிறகு சாதனத்துக்குத் தேவையில்லை. ஏறி வராவிட்டால் ஆஜராகவில்லை என்று ஆகிவிடும். இரண்டையும் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப நான் எங்க நிக்கணும், துவான்?" என்று கேட்டாள் தேவகி. "பாதிப் படியிலயா?"

புவனேசன் உண்மையாகவே யோசித்தார். பாதிப் படிக்கு விதியில் இடமில்லை என்றார்.

மேலே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்தக் குரல் படிக்கட்டில் இறங்கி வந்து அவர்கள் முன்னால் நின்றது.

சிவநேசன் அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"வேணாம், சிவா," என்றாள். "யாரும் தூக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்."

அவன் நிமிரவில்லை. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மூன்றாவது முறைக்கு முன்னால் வருகிற கனைப்பு. தேவகி ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தாள். அவள் கைகள் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. அவன் ஏறினான். திருப்பத்தில் ஒருமுறை தடுமாறி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்று, மறுபடியும் ஏறினான். மூன்றாவது தடவை பெயர் முடிகிற நேரத்தில் இருவரும் வாசலில் இருந்தார்கள்.

விசாரணைக் குழுத் தலைவர் மலாயில் பேசினார். புவனேசன் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் தலைவரின் குரலாகவே ஆகிவிட்டது.

சாலைகளைக் காப்பதே இந்தக் கழகத்தின் உயிர்மூச்சு என்றார் தலைவர். விதி வந்த பிறகு இந்தப் பட்டணத்தில் மின்ஸ்கூட்டர் மோதி ஒருவர்கூட இறக்கவில்லை. விதி வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். விதி வருவதற்கு முன்னாலும் ஒருவரும் இறக்கவில்லையே என்று சிலர் குதர்க்கம் பேசுகிறார்கள். விதி வரப்போகிறது என்று மக்களுக்குத் தெரிந்திருந்ததுதான் அதற்குக் காரணம். பேருந்துகள் கவிழ்வதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பேருந்து பெரிய வாகனம். இந்தக் குழு சிறிய வாகனங்களை மட்டுமே கண்டிக்கும்.

தேவகி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தலைவர் கோப்பைப் புரட்டி, விண்ணப்பதாரர் மேலே எப்படி வந்தார் என்று கேட்டார். கணவர் சுமந்து வந்தார் என்றார் புவனேசன். குழுவினர் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். விதிப்புத்தகம் மேசை மேல் கைமாறியது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றி சிவநேசனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

தீர்ப்பைப் புவனேசன் படித்தார். விதியின்படி சாதனம் என்பது நடமாட்டத்துக்கு உதவுகிற எதுவும். அது இரும்பாக இருக்க வேண்டும் என்றோ மின்சாரத்தில் ஓட வேண்டும் என்றோ விதி சொல்லவில்லை. ஒரு விண்ணப்பதாரருக்கு ஒரு சாதனம் மட்டுமே உண்டு. விண்ணப்பதாரரிடம் நல்ல நிலையில் ஒரு சாதனம் ஏற்கனவே இருப்பதைக் குழு கண்ணாலேயே பார்த்தது. அதற்கு அனுமதி வழங்கப்படுகிறது. மின்ஸ்கூட்டர் கூடுதல் வாகனம் என்பதால் கிடங்கிலேயே இருக்கும்.

"தஹ்னியா," என்று தலைவர் சிவநேசனுக்கு வாழ்த்துச் சொன்னார்.

அனுமதி ஒட்டுவில்லையைக் கீழே கொடுத்தார்கள். சட்டையின் முதுகுப் பக்கம் ஒட்ட வேண்டும். கூடவே நிபந்தனைகள்: உரிமையாளரின் வேலை நேரத்தில் சாதனத்தை வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் உட்படுத்தக் கூடாது, பரிசோதனைக்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும், பழுது கண்டால் சரிபார்க்கும் வரை சாதனம் கிடங்கில் வைக்கப்படும்.

சிவநேசன் கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவன். அன்று மாலையே மேற்பார்வையாளர் வால்டரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒண்ணு சொல்லு, சிவா. நீ ஆளா, சாதனமா? சாதனம்னா சம்பளப் பட்டியல்ல போட முடியாது. ஸ்டோர்ல எழுதணும்."

அவன் நிபந்தனைகளை மறுபடியும் படித்துக் காட்டினான். வால்டர் வருத்தத்தோடு தொலைபேசியை வைத்தார். வேலை போன செய்தியை சிவநேசன் சோறு போட்டுக்கொண்டே தேவகியிடம் சொன்னான். அப்படியானால் என் வேலையாவது நிலைக்க வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளைச் சுமந்துகொண்டு நாற்றுப்பண்ணைக்குப் போனான். மண்டோர் பரஞ்சோதி கழகத்தின் கடிதத்தைப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். சொந்த ஏற்பாடுதான், நிபந்தனை சரியாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு சந்தேகம் அவருக்கு.

"எங்க சார்ஜ் போடுவீங்க? ஆபீஸ் பிளக் தர முடியாது."

"சோறு போட்டாப் போதும், மண்டோர்," என்றாள் தேவகி.

வேலை தொடங்கியது. வேலை அவளுக்கு நன்றாகவே வந்தது. கருகிய இலை, பூச்சி விழுந்த தண்டு, தண்ணீர் எட்டாத கன்று எல்லாம் அவள் கண்ணில் தப்பவில்லை. ஆனால் ஒரு கன்றைத் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றாலும் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. இடது, நில்லு, கொஞ்சம் குனி. முதலில் சிவா என்று சேர்த்துச் சொன்னாள். மத்தியானத்துக்குள் பெயர் உதிர்ந்து, திசை மட்டும் மிஞ்சியது. அவனும் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, சொன்ன பக்கம் போனான். எதுவும் நினைக்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. அது அவனுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பிற்பகலில் வானம் மூடிக்கொண்டது. அமலாக்கப் பிரிவின் வாகனம் பண்ணை வாசலில் நின்றது. புவனேசன் அட்டையும் பேனாவுமாகச் சேற்றில் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். முதல் பரிசோதனை என்றார். பழுது ஏதும் இருந்தால் இன்றே கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், ஆகவே மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வரிசைக் கடைசியில் பரஞ்சோதி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். சாதனம் போனால் இன்றே ஆள் மாற்ற வேண்டும் என்ற கணக்கு அவர் முகத்தில் இருந்தது.

புவனேசன் பின்னால் போய், தேவகியைச் சற்று விலகச் சொல்லி, ஒட்டுவில்லையைப் பார்த்தார். சிவநேசனின் முட்டியைத் தட்டினார். நடக்கச் சொல்லி, திடீரென்று நிற்கச் சொல்லி, நின்ற இடத்தைப் பார்த்தார். பின்பக்கமாக நடக்கச் சொன்னார். தேவகி அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். ஹாரன் உண்டா என்று கேட்டார்.

"தேவைன்னா இருமுவார்," என்றாள்.

அதையும் எழுதினார். கடைசியாக முன்பக்கம் வந்து சிவநேசனின் முகத்துக்கு நேராக நின்றார். பேனா அட்டைக்கு மேலே நின்றுவிட்டது.

"இது என்ன? கசிவா?"

சிவநேசனுக்கு முதலில் புரியவில்லை. தன் கன்னம் நனைந்திருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. எப்போதிலிருந்து என்றும் தெரியவில்லை. துடைக்கலாம் என்றால் இரண்டு கைகளும் அவளைத் தாங்கியிருந்தன. பரஞ்சோதி இரண்டு அடி முன்னால் வந்தார்.

பின்னாலிருந்து தேவகியின் கை வந்தது. துப்பட்டா நுனியால் அவன் கண்களையும் கன்னங்களையும் அழுத்தித் துடைத்தது.

"வேர்வை, துவான்," என்றாள். "வெயில்ல நடந்தது."

புவனேசன் அண்ணாந்து பார்த்தார். எங்கும் வெயில் இல்லை. குனிந்து அட்டையைப் பார்த்தார். மறுபடியும் சிவநேசனைப் பார்த்தார்.

"வேர்வைன்னா பரவால்ல," என்றார் கடைசியில். "அதுக்கு விதியில தடை இல்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பரஞ்சோதியும் வந்த வழியே திரும்பினார். தேவகியின் வேலை தப்பியது.

வாகனத்தின் சத்தம் மறைகிற வரை தேவகி இடது என்றோ வலது என்றோ சொல்லவில்லை. சிவநேசன் கன்றுகளுக்கு நடுவில் நின்றிருந்தான். அவன் பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ சொட்டியது. மறுபடியும் சொட்டியது. மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசோதனை சாதனத்துக்கு மட்டும்தான். உரிமையாளரின் கசிவைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை.

"வலது," என்றாள் அவள்.

அவன் வலது பக்கம் நடந்தான்.